பழைய காரின் அடிப்பக்கம்: வாசகர் கேள்வி, நம் பதில்

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சஸ்பென்ஷனைப் பற்றித்தான். நம் டெல்டாவில் அப்படித்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரிலும் சேற்றிலும் ஊறுகிற வண்டி, மற்ற மாதங்களில் வாய்க்கால் கரைச் சாலையில் குலுங்கிக்கொண்டு ஓடுகிறது. கடிதங்களைப் படித்ததில் எல்லோருக்கும் ஒரே கவலை இருப்பது தெரிந்தது: மெக்கானிக் மாற்றச் சொல்கிற பாகம் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா? அதை நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். அதற்குத்தான் இந்தப் பக்கத்தில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் 1986 அம்பாசடர் மார்க் 4 இருக்கிறது. முன்னால் டிரைவர் பக்கம் இறங்கி நிற்கிறது. டார்ஷன் பார் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (திருவாரூர் வாசகர்)

அவசரப்படாதீர்கள் அண்ணே. டார்ஷன் பார் என்பது முறுகி நின்று வண்டியின் முன்பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் கம்பி. அது உடைவது உண்டு, ஆனால் உயரம் இறங்குவதற்கு அது ஒன்றே காரணம் கிடையாது. பாகத்துக்குச் சொல்லிவிடும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் இருக்கிற சாமானை இறக்கிவிட்டு, சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சமதரை என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் ரைஸ் மில் களம்தான் ஞாபகம் வரும், ஆனால் மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்று களத்தை லேசாகச் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். அதனால் ஒரு தடவை அளந்ததும் வண்டியைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்த் திசை பார்த்து நிறுத்தி மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டு தடவையும் டிரைவர் பக்கமே குறைந்தால் கோளாறு வண்டியில். பக்கம் மாறினால் தரையில்.

வண்டியில்தான் என்று தெரிந்தாலும் முன்பக்கத்தைப் பிரிக்க வேண்டாம், பின்பக்கத்தைப் பாருங்கள். பின்னால் ஒரு பக்கத்துப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தளர்ந்தாலே பாடி மொத்தமும் அந்தப் பக்கம் சாயும், முன்னாலும் இறங்கின மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, பின் ஆக்சிலுக்குச் சரி நடுவில் ஜாக்கி வைத்து, பின்சக்கரங்கள் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பும் வரை தூக்குங்கள். இப்போது பின்பக்கம் தராசு மாதிரி தொங்கும், எந்தப் பக்கத்தையும் பிடித்து இழுக்காது. முன்பக்கத்தில் இரண்டு உயரமும் இப்போது சமமாகிவிட்டால் பின்பட்டைதான் காரணம். இது அளப்பதற்கு மட்டும். அந்த நிலையில் யாரும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

முன்னால்தான் கோளாறு என்று வந்தால் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கீழ் ஆர்மின் ரப்பர் புஷ் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது சின்ன செலவு. புஷ் நன்றாக இருந்தால், டார்ஷன் பாரின் பின்முனையில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கிறது, வண்டியின் பாரத்தை அதிலிருந்து எடுத்துவிட்டு அதைத் திருத்திப் பார்க்கலாம். அதற்கும் சரிவராவிட்டால்தான் புதுக் கம்பி. கம்பியை வெளியே எடுக்கிற நிலை வந்தால் இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பைப் ரெஞ்சு போட்டுக் கடித்துப் பிடிக்கக் கூடாது, சுத்தியலால் கம்பியின் மேல் அடிக்கக் கூடாது, ஏனென்றால் அந்தக் கீறலிலிருந்துதான் பின்னால் விரிசல் ஓடும். அப்புறம் இடது பக்கத்துக் கம்பியை வலது பக்கம் மாற்றிப் போடக் கூடாது. நாற்பது வருடம் ஒரே திசையில் முறுகிப் பழகின எஃகு அது, எதிர்த் திசையில் முறுக்கினால் உடைந்துவிடும்.

கேள்வி: அண்ணா, அப்பா விட்டுப்போன 1992 பிரீமியர் பத்மினியை நான்தான் ஓட்டுகிறேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னால் டொக்கென்று சத்தம். ஒருவர் கிங் பின் என்கிறார், இன்னொருவர் முன்பக்கத்தையே முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார். பக்கத்தில்தானே சுவாமிமலை, சிலை வார்க்கிறவர்களிடமே புஷ்ஷையும் வார்த்துக்கொள்ளலாம் என்று சித்தப்பா சொல்கிறார். (வாசகி, கும்பகோணம்)

தங்கச்சி, இரண்டு பேரும் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்களா, சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கிப் பார்க்காமல் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு நீங்களே பாருங்கள். மண் தரையில் ஜாக்கி வைப்பதாக இருந்தால் அடியில் தடிமனான பலகை போட வேண்டும், நம் களிமண் மேலே காய்ந்த மாதிரி தெரியும், பாரம் ஏறினதும் உள்ளே வாங்கிவிடும். தூக்கினதும் ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் பொடிந்து போகும். இப்போது சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிகிறதா? ஆட்டிக்கொண்டே இருக்கும்போது கூட வந்தவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். அதை டைட் வைத்தாலே போதுமா, மாற்ற வேண்டுமா என்று பார்க்கலாம். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின் (சக்கரம் இடதும் வலதும் திரும்ப அச்சாக நிற்கிற ஆணி), அல்லது ஆர்ம் புஷ். எது என்று தெரிய, ஆட்டும்போது கிங் பின்னும் அதைத் தாங்குகிற இரும்பும் சேருகிற இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள், கிளிக் கிளிக்கென்று விரலுக்கே தெரியும். அடுத்து பக்கவாட்டில், இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டுங்கள். அதில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டு, அதாவது ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு.

கிங் பின் என்றே முடிவானால் பயப்பட ஒன்றுமில்லை, பொறுமையான லேத்காரர் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். பழைய பின்னைக் கழற்றினதும் துடைத்துவிட்டு, நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். நடுவில் வழுவழுவென்று போய், புஷ் (பின்னைச் சுற்றியிருக்கிற உலோக வளையம்) உட்கார்ந்த இடத்தில் நகம் ஒரு படியில் தட்டும். அந்தப் படிதான் தேய்மானம். புஷ்ஷைப் பார்த்தால் ஓட்டை வட்டமாக இருக்காது, முட்டை மாதிரி ஒரு பக்கம் நீண்டிருக்கும். புதுப் புஷ்ஷை அழுத்தி ஏற்றினதும் உள்ளளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் ரீமர் (ஓட்டையை அளவுக்குச் சீவுகிற கருவி) போட்டுத்தான் பின்னை விட வேண்டும். எண்ணெய் தடவின கிங் பின், கட்டை விரலால் அழுத்தினால் நிதானமாக இறங்க வேண்டும், தானாக விழக் கூடாது, தட்டித் திணிக்கவும் கூடாது. தட்டி ஏற்றின பின்னோடு ஓட்டினால் திருப்பத்துக்கு அப்புறம் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, கை வலிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

சித்தப்பா சொன்ன யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம். சிலைக்கு வார்க்கிற பஞ்சலோகத்தில் செம்புதான் பெரும்பங்கு, அதோடு பித்தளையும் ஈயமும் சேரும். உளிக்கு இணங்கி நகாசு எடுக்க ஏற்ற உலோகம் அது. பாரத்தை வாங்கிக்கொண்டு தேயாமல் உராய்கிற வேலைக்குச் செம்போடு வெள்ளீயம் சேர்ந்த பாஸ்பர் பிரான்ஸ் வேண்டும். அது கம்பியாகவே கடையில் கிடைக்கும், லேத்தில் கடைந்துகொள்ளலாம்.

இன்னொன்று. கிங் பின் இந்த நிலைக்கு வந்ததற்குக் கிரீஸ் போகாததுதான் காரணமாக இருக்கும். கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் மேல் பெயின்டும் மண்ணும் அடைத்துக்கொண்டிருந்தால் கிரீஸ் கன்னை அழுத்தும்போது கிரீஸ் வெளியே வழியும், உள்ளே போயிருக்காது. நிப்பிளைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவிப் போடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போது கிரீஸ் அடிக்காதீர்கள், தூக்கி வைத்து, ஸ்டியரிங்கை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் திருப்பிக்கொண்டே அடித்தால்தான் அழுந்திக் கிடக்கிற பக்கத்துக்கும் போய்ச் சேரும். பழைய கறுப்புக் கிரீஸ் எல்லாம் வெளியே வந்து புதுசின் நிறம் தெரிகிற வரை அடியுங்கள்.

கேள்வி: அம்பாசடரில் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிகிறது. மாற்றினால் இறங்கின வண்டி உயருமா? (வாசகர், பாபநாசம்)

உயராது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அது துள்ளாமல் பிடிக்கிறது. வண்டியின் ஒரு மூலையை நன்றாக அழுத்தி விடுங்கள், மேலே வந்து ஒரு தடவையில் நின்றால் சரி, இரண்டு மூன்று தடவை ஊஞ்சல் ஆடினால் மாற்ற வேண்டும். உங்களுடையது கை மாதிரி ஒரு லிவர் நீட்டிக்கொண்டிருக்கிற பழைய வகை என்றால் கசிவை அடைத்து எண்ணெய் நிரப்பிப் பார்க்கலாம், ஆனால் பிரேக் ஆயில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கிற சீலை அது தின்றுவிடும். பைக் ஃபோர்க்குக்கு ஊற்றுகிற ஆயில் பொருந்தும்.

கேள்வி: டீசல் அம்பாசடர். கொள்முதல் நிலையத்துக்கு அவசரத்துக்கு நாலஞ்சு சிப்பம் நெல்லை டிக்கியில் போட்டுக்கொண்டு போவேன். பின்னால் பட்டை படுத்துவிட்டது. கூட ஒரு பட்டை சேர்த்தால் போதும் என்கிறார்கள். (விவசாயி, மன்னார்குடி)

ஐயா, சிப்பம் ஒன்று 40 கிலோ. ஐந்து போட்டால் 200 கிலோ, அதுவும் பின் ஆக்சிலுக்குப் பின்னால் டிக்கியில். மூன்று பேர் பின்சீட்டில் உட்கார்ந்ததற்குச் சமம் என்று சொன்னாலும் பாரம் விழுகிற இடம் அதைவிடப் பின்னால் இருப்பதால் பட்டைக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். பட்டை சேர்ப்பதற்கு முன், இருக்கிற பட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

சேறு எல்லாம் போகக் கழுவி, காய்ந்ததும் ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுப் போல்ட்டுக்குப் பக்கத்திலும், முனையில் வளையமாகச் சுருண்ட கண் வளைகிற இடத்திலும், அடுத்த பட்டை முடிகிற விளிம்பிலும்தான் விரிசல் விடும். கறுப்பு இரும்பில் செம்மண் நிறத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். தாய்ப் பட்டையில், அதாவது கண் உள்ள நீளமான பட்டையில், விரிசல் இருந்தால் பட்டறை வேலை வேண்டாம், புதுசுதான். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்பிரிங் எஃகில் வெல்டிங் சூடு பட்டால் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே நொறுங்கும். விரிசல் இல்லை, படுத்துத்தான் இருக்கிறது என்றால் பட்டறையில் பிரித்து வளைவு எடுத்துக் கட்டலாம், இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். கூடுதல் பட்டை சேர்த்தால் சிப்பம் ஏற்றுகிற நாளில் நிமிர்ந்து நிற்கும், ஆனால் வீட்டு ஆட்களோடு வேளாங்கண்ணி போகிற நாளில் பின்சீட்டில் உட்கார முடியாது. உங்களுக்கு எது முக்கியம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் வளைவு எடுத்துக்கொண்டு, நெல்லுக்கு ஒரு மினி வண்டி வைத்துக்கொள்வேன்.

கட்டி முடித்தபின் செய்ய வேண்டியதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கே நடந்தது. பட்டறையில் வளைவு எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் பக்கம் வெண்ணாற்றங்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தேன், கொஞ்ச தூரமாகவே ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது, காற்று குறைவு என்றுதான் நினைத்தேன். பின்னால் சைக்கிளில் வந்தவர் கை காட்டி நிறுத்தி, உங்கள் வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போகிறது என்றார். இறங்கிக் குனிந்து பார்த்தால், பட்டையை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கிற யூ கிளாம்ப் நட்டுகளைக் கையாலேயே திருக முடிந்தது, நடுப் போல்ட் அறுந்து ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, டயர் மட்கார்டின் உள்பக்கத்தைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தது. புதிதாகக் கட்டின பட்டை ஓட ஓட ஒன்றோடொன்று படிந்து உட்காரும், அப்போது யூ கிளாம்ப் லூசாகும், அது லூசானால் பாரமெல்லாம் அந்தச் சின்ன நடுப் போல்ட்டின் தலையில் வந்து விழும். அதனால் கட்டின முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடவை, அப்புறம் ஒரு மாதம் கழித்து ஒரு தடவை டைட் வையுங்கள்.

அதேபோல் பட்டையின் கண்ணிலும், அதை வண்டியோடு இணைக்கிற ஷேக்கிளிலும் ரப்பர் புஷ் போட்டால் வண்டி தொங்குகிற நிலையில் போல்ட்டை முறுக்கிவிடக் கூடாது. முதலில் விரலால் மட்டும் திருகி விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறி உட்கார்ந்தபின் டைட் வைக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால் வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

வாட்டர் சர்வீஸ் செய்தபின் அடியில் டீசலும் கழிவு ஆயிலும் அடிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பளபளப்பாகத் தெரியும், துருப் பிடிக்காது என்பார்கள், ஆனால் ரப்பர் புஷ் அதில் ஊறி உப்பி வெண்ணெய் மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். பட்டைகளுக்கு இடையில் கிராஃபைட் கிரீஸ் மட்டும் தடவுங்கள்.

கேள்வி: என்னிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. கடற்கரை ஊர் என்பதால் அடிப்பக்கம் துரு. ஷெட்டில் திருப்பி நிறுத்தும்போது முன்சக்கரம் பக்கத்தில் கரகரவென்று சத்தம் வருகிறது. மெக்கானிக் கிரீஸ் அடித்துக் கொடுத்தார், சத்தம் போய்விட்டது. இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா? (வாசகர், வேதாரண்யம்)

கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், பார்க்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை உட்காரவிடாமல் செய்தது உங்களுடையதுதான்.

ஹெரால்டு மெட்ராசில் செய்த கார் என்றாலும் அடிப்படை இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அதன் முன்சக்கரம் செங்குத்தான ஒரு இரும்பு லிங்க்கில் நிற்கிறது. அந்த லிங்க்கின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும், அந்த மரை டிரன்னியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை ஸ்டியரிங் திருப்பும்போதும் அந்த மரைதான் திரும்புகிறது. அதற்கு ஊற்ற வேண்டியது 90 கியர் ஆயில். கிரீஸ் கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை ஹெரால்டு மூலையில் உட்கார்ந்துவிட்டன! கிரீஸ் மரையின் அடிவரை போகாது, மேலே கட்டிக்கொண்டு காய்ந்துவிடும், கீழே ஈரம் இறங்கித் துருவாகும், துருப் பிடித்த மரை வெண்கலத்துக்குள் இறுகும், அப்புறம் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் லிங்க்கையே முறுக்கும். கடைசியில் மரையின் மேல்பக்கத்தில் அறுந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். பெரும்பாலும் மெதுவாக, முழுதாகத் திருப்பி நிறுத்தும்போதுதான் அறும். உங்களுக்குச் சத்தம் வருவதும் அதே சமயத்தில்.

சத்தம் போனதை நல்லதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் கழற்றுங்கள். கழற்றும்போது ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை என்பதை ஞாபகம் வையுங்கள், தெரியாமல் பலத்தைக் காட்டினால் நல்ல மரையும் போகும். வெண்கலக் கட்டையைத் திருகி எடுத்ததும் லிங்க்கின் மரையை மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷ்ஷும் போட்டுக் கழுவுங்கள். பொட்டுப் பொட்டாகத் துருக்குழி இருந்தால் அந்த லிங்க் வேண்டாம். வழுவழுப்பாக இருந்தால் விரிசல் சோதனை. கறை பிடித்துக் காட்டுகிற ஸ்ப்ரே வாங்கிச் செய்யலாம், கிடைக்காவிட்டால் பழைய முறை ஒன்று இருக்கிறது. லிங்க்கை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, எடுத்து, துணியால் சொட்டுக்கூட இல்லாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மேலே தூவித் தடவுங்கள். வெள்ளையாக இருக்கிற பொடியில் கொஞ்ச நேரத்தில் ஈரக் கோடு ஒன்று மெல்லிசாகக் கறுத்து வந்தால், உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் விரிசல் வழியாகத் திரும்பி வருகிறது என்று அர்த்தம். மரை தொடங்குகிற வளைவில் கண்ணை வையுங்கள். கோடு வராவிட்டாலும் சந்தேகம் இருந்தால் ஸ்ப்ரே சோதனையும் செய்துவிடுங்கள், மயிரிழை விரிசலை அது இன்னும் நன்றாகக் காட்டும்.

மாட்டும்போது ரப்பர் சீல் புதுசு, 90 ஆயிலில் முக்கி எடுத்து மாட்டுங்கள். பிறகு சில மாதத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னும் பின்னும் கட்டாயமாக, அடைப்பு ஸ்க்ரூவைக் கழற்றி நிப்பிள் போட்டு ஆயில் கன்னால் ஏற்றுங்கள். கீழே சொட்டும், சொட்டட்டும். நீங்கள் ஏற்றுகிற ஆயில் வழுக்க மட்டும் இல்லை, உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதும் அதுதான்.

பின்னால் ஹெரால்டுக்கு ஒரே பட்டைக் கட்டு, குறுக்காக ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை போகும். தூக்கி இறக்கினதும் பின்சக்கரங்கள் காலை உள்ளே மடக்கின மாதிரி நிற்கும், உடைந்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், பத்தடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்து பாருங்கள்.

துருவுக்கு: உப்பளப் பக்கம் போய்வந்த அன்றே அடியைக் கழுவுங்கள், ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் பக்கத்தில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசின கதைதான். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதற்கென்று ஒதுக்குங்கள்.

கேள்வி: பத்மினியைத் தாழ்வாக நிறுத்தினால் அழகாக இருக்கும். முன் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டிவிடலாமா? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

வெட்டாதே தம்பி. கேஸ் வைத்து வெட்டினால் சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், வெட்டின முனை தட்டில் சரியாக உட்காராது, கொஞ்சம் அழுத்தினாலே ரப்பர் ஸ்டாப்பில் இடிக்கும். நம் ஊரில் தெருவுக்குத் தெரு வேகத்தடை, நீ தாழ்த்தின அன்றே அடியில் உரசும். அதோடு தயாரித்தவர் கொடுத்த வடிவத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் வருகிற விஷயம், பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது தகராறு வரும். 50 வருடம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு என்று 2021-இல் விதி கொண்டுவந்தார்கள், அதற்கும் வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவில் இருக்க வேண்டும். உன் வண்டியும் ஒரு நாள் அந்த வயதை எட்டும். புது ரப்பர் புஷ், நல்ல ஷாக் அப்சார்பர், சரியான டயர் போட்டுப் பார், நிற்கிற நிலையே மாறும்.

கேள்வி: வெள்ளத்தில் அம்பாசடர் முட்டளவுத் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை. அடிப்பக்கம் என்ன செய்ய வேண்டும்? (வாசகர், சீர்காழி)

2022 நவம்பரில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழையைப் பார்த்த ஊர் உங்களுடையது, அதனால் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்ததும் வண்டியை ஓட்டாமல் முதலில் பின் ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மொத்தத்தையும் மாற்றுங்கள். முன்சக்கர பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும், பிரேக் டிரம்மையும் அப்போதே திறந்து துடைத்துவிடலாம். எல்லா நிப்பிளிலும் தண்ணீர் வெளியே வந்து சுத்தக் கிரீஸ் தெரிகிற வரை அடியுங்கள். இதை ஒரு வாரத்துக்குள் செய்தால் கிரீஸ் செலவோடு போகும், தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பேரிங், கிங் பின் எல்லாம் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா காலத்து அம்பாசடரில்தான் என் தம்பிக்கு மாப்பிள்ளை அழைப்பு என்று வீட்டில் ஆசை. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. முன்பக்கம் பிரித்துப் பார்த்ததில் ஸ்டப் ஆக்சிலில் சின்ன விரிசல். வெல்டிங் வைத்து மேலே ஒரு பிளேட்டும் கொடுத்தால் ஆயுசுக்கும் தாங்கும் என்கிறார் மெக்கானிக். (வாசகர், மயிலாடுதுறை)

தாங்காது. அந்த மெக்கானிக் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் தாங்காது. ஸ்டப் ஆக்சில் என்பது சக்கரம் மாட்டிச் சுழலுகிற குட்டை அச்சு. அதுவும் ஸ்டியரிங் ஆர்ம், கிங் பின் எல்லாமும் அடித்து வடித்து, பதம் ஏற்றின எஃகு. வெல்டிங் வைத்த இடம் கெட்டியாகத் தெரியும், அதற்கு அரை அங்குலம் தள்ளி சூட்டில் பதம் மாறின இடம் பலவீனமாகிவிடும், மேலே கொடுக்கிற பிளேட் அதை மறைத்தும் விடும். அப்புறம் விரிசல் வளர்வதுகூட உங்கள் கண்ணில் படாது. மற்ற பாகம் உடைந்தால் வண்டி நிற்கும், இது உடைந்தால் சக்கரமே கழன்று போகும், உள்ளே மாப்பிள்ளையும் முன்னால் நாயனக்காரர்களும் பந்தம் பிடிக்கிறவர்களும் இருப்பார்கள்.

அம்பாசடர் 2014 வரை தயாரிப்பில் இருந்த வண்டி, அதனால் ஸ்டப் ஆக்சில் கிடைக்காத பொருள் ஒன்றும் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடச் சொல்லுங்கள், நம் பக்கத்துப் பழைய டாக்சி மெக்கானிக்குகளிடமும் கேளுங்கள். மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கலாம், அதனால் பழையதைக் கையில் கொண்டுபோய், கிங் பின் ஓட்டையையும் பேரிங் உட்காருகிற இடத்தையும் வெர்னியர் வைத்து ஒத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உடைத்த வண்டியிலிருந்து வருகிற பாகம் என்றால் மேலே வேதாரண்யம் வாசகருக்குச் சொன்ன சாக்பீஸ் சோதனையை இதற்கும் செய்யுங்கள், பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் சுரண்டிவிட்டுச் செய்யுங்கள், பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மாட்டாதீர்கள்.

பதினைந்து நாளில் கிடைக்காவிட்டால், வீட்டில் சொல்லிப் புரியவையுங்கள். தாத்தாவின் வண்டியைக் கழுவி, மல்லிகையும் வாழையும் கட்டி மண்டப வாசலில் நிறுத்துங்கள், மாப்பிள்ளை அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும், அழைப்பு வேறு காரில் வரட்டும். மண்டபத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, மினி லாரியில் ஏற்றித்தான் இறக்க வேண்டும். பாகம் கிடைத்ததும் பழையது, புதுசு இரண்டின் அளவையும் எழுதி அனுப்புங்கள், பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.